கை சொன்னதும் காகிதம் சொன்னதும்

பச்சிளங்குழந்தைகள் வார்டில் 26 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. "மனசு சொல்றதைக் கேட்கிறதா, கணக்குப் போட்டுப் பார்க்கிறதா?" என்று வீட்டுப் பிள்ளைகள் யாராவது கேட்டால் எனக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, ஒரு குழந்தை. இன்னொன்று, ஒரு காலி மனை.

அந்தக் குழந்தை பிறந்து மூன்றாம் நாள். எடை 2.6 கிலோ. நைட் டூட்டியில் மணி இரண்டு இருக்கும். கேஸ் ஷீட்டில் ஒரு குறையும் இல்லை. உடல்சூடு 36.6, மூச்சு நிமிடத்துக்கு 52. இரண்டுமே இருக்க வேண்டிய அளவுதான். ஆனால் ஈரத்துணி மாற்றினால் வார்டே எழுந்துகொள்ளும்படி கத்துகிற பிள்ளை, அன்றைக்குக் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வயிறு மட்டும் கதகதப்பு. அம்மா மார்பில் வைத்ததும் இரண்டு முறை சப்பிவிட்டு வாயை எடுத்துக்கொண்டது.

டூட்டி டாக்டரை எழுப்பினேன்.

"ஜுரம் இருக்கா சிஸ்டர்?"

"இல்லை சார்."

"மூச்சு?"

"52 சார்."

"அப்புறம் என்ன?"

"பிள்ளை சரியில்லை சார். வந்து ஒரு தடவை பாருங்க."

வந்தார். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, ரிசல்ட் வருமுன்பே ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தார். விடியற்காலை ஆறு மணிக்கு மூச்சு 70ஐத் தாண்டியது. ரத்தத்தில் கிருமித்தொற்று. பதினான்காம் நாள் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனது.

எனக்குக் கைராசி என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அழாதது, பாதம் குளிர்ந்தது, பால் குடிக்காதது ஆகிய மூன்றையும் என் கண்ணும் கையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றன. வாய்தான் அதைச் சொல்லத் தெரியாமல் "சரியில்லை" என்றது. பச்சிளங்குழந்தைக்குத் தொற்று வந்தால் ஜுரம் வந்தே தீரும் என்பதில்லை, உடல் குளிர்ந்தும் போகலாம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொட்ட கை அது. தப்பாகச் சொன்னால் அடுத்த சில மணி நேரத்திலேயே அது தப்பு என்று தெரிந்துவிடும். அப்படித் திருத்தித் திருத்தித்தான் அந்தக் கை பழகியது.

இனி மனைக்கு வருகிறேன்.

ஓய்வுக்கு முந்தின வருடம். அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. மூலையில் ஒரு வேப்பமரம். விற்பவர் பெரியவர், நெற்றி நிறைய விபூதி. மோர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். மரத்தடியில் நின்றபோதே இதுதான் நம் இடம் என்று மனசுக்குப் பட்டுவிட்டது. வார்டில் என்னை ஏமாற்றாத மனசு இங்கே மட்டும் ஏமாற்றுமா என்று நினைத்தேன். அன்றைக்கே 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன்.

என் தம்பி விடவில்லை. "அக்கா, 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தியா? தாய்ப்பத்திரம் எங்கே? வாரிசுச் சான்றிதழ் கேட்டியா?" என்றான். வில்லங்கம் சுத்தமாக வந்தது. வாரிசுச் சான்றிதழில்தான் விஷயம் இருந்தது. அந்த இடம் அவருடைய அப்பா சம்பாதித்தது; உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். வாரிசுகள் மூன்று பேர். கையெழுத்துப் போடத் தயாராக இருந்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர் மட்டும். கட்டிக்கொடுத்த தங்கையிடம் விடுதலைப் பத்திரம் வாங்கவே இல்லை. பதிவாகாத பங்கு வில்லங்கச் சான்றில் தெரியாது என்பதே அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அட்வான்ஸில் பாதி எட்டு மாதம் கழித்துக் கிடைத்தது. மீதி போனது போனதுதான்.

அந்த வருத்தத்தில் இருந்தபோது ஒரு விஷயம் படித்தேன். டேனியல் கானமன் உள்ளுணர்வைச் சந்தேகப்பட்டவர். கேரி கிளைன் தீயணைப்பு வீரர்களின் முடிவுகளைக் கூர்ந்து ஆராய்ந்து அதை மதித்தவர். எதிரும் புதிருமான இந்த இரண்டு உளவியலாளர்களும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்ப அவர்கள் சொன்ன நிபந்தனைகள் இரண்டு. அந்த வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அதில் நீண்டநாள் பழகி, தப்பையும் சரியையும் கண்கூடாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மனசு எவ்வளவு அடித்துச் சொல்கிறது என்பது ஒரு சாட்சியே இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். என் வாழ்நாளில் நான் வாங்கப் போனது ஒரே ஒரு மனை. அதில் என் மனசுக்கு என்ன பழக்கம்?

அதிலிருந்து, முடிவு எடுக்குமுன் என்னையே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இதை நான் எத்தனை முறை செய்திருக்கிறேன்? மீன் வாங்குவதென்றால் செவுளைப் பார்த்த கணத்தில் முடிவு. இன்ஷூரன்ஸ், கடன், பத்திரம் என்றால் காகிதமும் பேனாவும் வேண்டும். நடுவில் ஒரு ராத்திரியாவது போக வேண்டும். "இன்னிக்கே சொல்லணும்" என்று அவசரப்படுத்தினால் வேண்டாம் என்று வந்துவிடுகிறேன்.

பயத்துக்கு மட்டும் இந்த விதி கிடையாது. ராத்திரி ஓர் ஆட்டோவில் ஏற மனசு கூசினால் ஏறாதீர்கள். காரணம் தேட வேண்டாம். பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான் நஷ்டம்.

பழகிய இடத்திலும் மனசு சறுக்கும், முக்கியமாக மனிதர்களை எடைபோடும்போது. ஓர் இளம் தாய் பிள்ளையைத் தூக்கவே இல்லை. அலட்சியம் என்று நினைத்து அதட்டிவிட்டேன். பிறகு கையைத் தொட்டால் கொதித்தது, 103 டிகிரி ஜுரம். முகத்தைப் பார்த்து முடிவு கட்டியது என் தப்பு. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பழகிய கண்ணுக்கும் ஒரு கணக்கு துணை வேண்டும் என்பதற்கு எங்கள் வேலையிலேயே நல்ல உதாரணம் உண்டு. பிறந்த குழந்தை எப்படி இருக்கிறது என்பதை ஒரு காலத்தில் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். 1953இல் டாக்டர் வர்ஜினியா அப்கார் தன் மதிப்பெண் முறையை வெளியிட்டார். நிறம், நாடித்துடிப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, தசையின் முறுக்கு, மூச்சு என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. களைத்துப்போன நர்ஸும் எதையும் விட்டுவிடாமல் பார்ப்பதற்கு அது ஒரு பிடிமானம். நானும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைப் போட்டேன். போட்ட பிறகும் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

இதைப் படிக்கிற இளம் டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பெற்றவள் "பிள்ளை என்னமோ மாதிரி இருக்கு" என்றால், தெர்மாமீட்டரைக் காட்டி அவள் வாயை அடைக்காதீர்கள். ராத்திரி பகலாக அந்தப் பிள்ளையோடு இருப்பவள் அவள். அந்த ராத்திரியே பிள்ளையை ஒரு டாக்டர் தொட்டுப் பார்க்கட்டும்.