காற்று தின்ற ஆயுளைக் கணக்கிடுவது எப்படி?

இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள், பக்கவாதம் என்று எழுதுவார்கள். ‘கெட்ட காற்று’ என்று எழுதி நாம் பார்த்ததில்லை. அப்புறம் எப்படி, மாசுக் காற்றால் ஆயுள் இத்தனை ஆண்டு குறையுதுன்னு சொல்றாங்க? நியாயமான கேள்விதான்.

புதுசா ஒரு கரைசலைச் சோதிக்கணும்னா நாம் என்ன செய்வோம்? வயலில் பாதிக்கு அடித்து, மீதியைச் சும்மா விட்டுப் பார்ப்போம். மனுசங்களுக்குப் புகை போட்டு அப்படிச் சோதிக்க முடியாது. ஆனால் சீன அரசு தன்னை அறியாமலே அப்படி ஒரு வரப்பைப் போட்டுவிட்டது.

1950களிலிருந்து 1980 வரை, ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கும் கொதிகலன்களுக்கு நிலக்கரி இலவசம். தெற்கே கிடையாது. 1980க்குப் பிறகும் அந்தக் கொதிகலன்கள் ஓடின. ஊர் விட்டு ஊர் குடிபெயர அங்கே கெடுபிடி அதிகம். அதனால் பெரும்பாலோர் பிறந்த பக்கத்துக் காற்றையே சுவாசித்தார்கள்.

2017இல் வந்த ஆய்வு இரு பக்கத்தையும் ஒப்பிட்டது. வடக்கே பி.எம்.10 எனும் நுண்துகள் 46 சதவீதம் கூடுதல். சராசரி ஆயுள் 3.1 ஆண்டு குறைவு. வடக்கே குளிர் அதிகம், அதனால இருக்கலாமே என்று கேட்கலாம். குளிர் வடக்கே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். ஆற்றைத் தாண்டியதும் குதிக்காது. மாசு குதித்தது, ஆயுளும் அதே இடத்தில் இறங்கியது. இன்னொன்று: கூடுதல் சாவுகள் இதய, நுரையீரல் நோய்களில்தான் இருந்தன. மற்ற காரணங்களில் வித்தியாசம் தென்படவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான்.

3.1 என்றால் ஆளுக்கு மூணு வருசம் என்று எடுத்துக்க வேண்டாம். 100 பேரில் 10 பேர் 31 ஆண்டு முன்னதாகப் போனால் இழப்பு 310 ஆண்டு. நூறால் வகுத்தால் அதே 3.1. யார் அந்தப் பத்துப் பேர் என்று சராசரி சொல்லாது.

கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் பி.எம்.10 கூடினால் 0.64 ஆண்டு, அதாவது ஏழரை மாதம் போல, குறையும் என்கிறது அதே ஆய்வு. இது நெடுங்காலம் சுவாசிக்கிற காற்றுக்கான கணக்கு. ஒருநாள் கரும்புச் சோகை கொளுத்திய புகையை இதில் போடக்கூடாது.

சில நாள் புகைக்கு வேறு முறை: வழக்கமான சாவு எண்ணிக்கையைவிட எத்தனை கூடியது என்று பார்ப்பது. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் புகைமூட்டம் மூடியபோது முதலில் 4,000 என்றார்கள். அடுத்த சில மாதங்களையும் சேர்த்துப் பின்னாளில் எண்ணியவர்களுக்கு 12,000 வரை வந்தது. அந்த மிச்சச் சாவுகளை அரசு அப்போது ஃபுளூ காய்ச்சல் கணக்கில் சேர்த்திருந்தது.