ஆயாவின் இரண்டாவது கண்

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆயாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மறு கண்ணுக்கும் நாள் குறித்திருக்கிறார்கள் என்று களமருதூரிலிருந்து எழுதியிருந்தாய். கண்ணுக்குள் போடும் மருந்தே விழித்திரையைக் கெடுக்குமா என்றும் கேட்டிருக்கிறாய். கெடுக்கும், மிக அபூர்வமாக. அதற்காக மருந்தே வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லிவிடாதே.

2008-ல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கடவனூரில் நடந்த கண் முகாமிலிருந்து பெரம்பலூருக்குப் போய் அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் அந்தக் கண்ணின் பார்வையை இழந்தார்கள். கிருமித் தொற்று. இதைத் தடுக்கத்தான் லென்ஸ் வைத்து முடித்ததும் கண்ணுக்குள் துளி ஆன்டிபயாடிக் செலுத்துகிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் 10 கிளைகளில் 6,17,453 கண்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள்: மாக்ஸிஃபிளாக்சசின் போடாதபோது 10,000 கண்ணுக்கு 7 என்றிருந்த தொற்று, போட்டபிறகு 2 ஆனது.

ஆனால் ஆன்டிபயாடிக்குகளில் ஜென்டாமைசின் போன்றவை அளவு மீறிக் கண்ணுக்குள் போனால் விழித்திரையின் நடுப்பகுதிக்கான ரத்தக்குழாய்கள் அடைபடும். அது அளவில் நேரும் பிழை. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அப்படியல்ல, சரியான அளவில் போட்டும் சிலருக்குக் கேடு வந்தது. மறுநாள் கட்டுப் பிரிக்கையில் பார்வை நன்றாகவே இருக்கும். ஒரு வாரம் போல் கழித்து, சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகி, வலியே இல்லாமல் மங்கும். உள்ளே ரத்தக்குழாய்கள் அடைத்து விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கும். தாமதித்து வரும் ஒவ்வாமை என்று கருதுகிறார்கள்.

இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள், அமெரிக்க மருத்துவர்கள் 2017-ல் தொகுத்த கணக்கில், 23 பேர், 36 கண்கள். கழித்துப் பார், 13 பேருக்கு இரண்டு கண்ணும் பாதிக்கப்பட்டிருக்கிறது! என்னை உலுக்கியது இந்த எண்தான். முதல் கண்ணில் கேடு தெரியுமுன்னே அடுத்த கண்ணிலும் அதே மருந்து போய்விடும் அபாயம் இதில் இருக்கிறது. 8 கண்களில் வெளிச்சம்கூடத் தெரியாமல் போயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இதைப் பற்றி எச்சரித்தது.

ஆகவே, நாள் நெருங்குமுன் முதல் கண்ணுக்குள் என்ன மருந்து போட்டார்கள் என்று கேள். டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாவிட்டால் டாக்டரிடமே கேள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. வான்கோமைசின் என்றால், எத்தனை நாள் இடைவெளி விடலாம், அதற்குள் விழித்திரையைச் சோதித்துப் பார்ப்பார்களா என்பதையும் பேசிவிடு.

ஆயா தானாகச் சொல்லமாட்டார், வலிக்கவில்லையே என்று இருந்துவிடுவார். தினமும் மறு கண்ணை மூடச் சொல்லி, சுவர்க் காலண்டரில் தேதியைப் படிக்கச் சொல். நேற்றைவிட மங்கல் என்றால் அன்றைக்கே அழைத்துப் போ.

அன்புடன்,
மாமா