உடும்புக்குத் தோல் உரியும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். ஞானசம்பந்தர் பாடிய ஊர். ராஜேந்திர சோழன் கண்ணுக்குப் பொன் உடும்பாகத் தெரிந்த சிவன், ஆட்கள் துரத்தியதும் புற்றுக்குள் புகுந்துகொண்டார் என்பது தலக்கதை. உடும்பீசர் என்றும் அவருக்கு ஒரு பெயர் உண்டு. நோய் தீர வேண்டி வருகிறவர்கள் அதிகம். போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை, பிராகாரம் சுற்றிவிட்டு உட்கார்ந்தபோது என் சித்தி சொன்னாள்: "உடும்புக்கு என்னடி, தோலை உரிச்சுப் போட்டுட்டுப் போயிடும். எனக்குப் பாரு, காலி மூட்டையாட்டம் தொங்குது."

சித்தி பட்டு நெய்கிறவள். மூன்று வருடத்துக்கு முன் 114 கிலோ. சர்க்கரை, முட்டிவலி, தூக்கத்தில் மூச்சடைப்பு. சென்னையில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். இப்போது 66. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, கோயில் படியைப் பிடிமானம் இல்லாமல் ஏறுகிறாள். ஆனால் அடிவயிற்றுத் தோல் தொடை வரை மடிந்து தொங்குகிறது. பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருக்கிறாள். காலையில் ஒரு துண்டை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு தறியில் இறங்கினால், மதியச் சாப்பாட்டுக்கு ஏறும்போது அது நனைந்திருக்கும். மாற்றிக்கொள்வாள். நாடா எறிகிற கையை அவள் நிறுத்திய பிறகும் புஜத்துத் தோல் ஒரு ஆட்டம் ஆடி ஓய்கிறது.

இதற்கு அவளுக்கு வந்து சேர்ந்த யோசனைகளைக் கேட்டால் ஒரு புத்தகமே போடலாம். அதில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"எண்ணெய் தேய், நடந்து போ, தானா ஒட்டிக்கும்"

சித்தி ஒன்றரை வருடம் தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். பிறகு ஒரு உறவுக்காரப் பெண் சொல்லி விலை உயர்ந்த க்ரீம். தோல் மிருதுவானது, ஏறவில்லை.

தோலுக்கு வலுக்கொடுப்பது கொலாஜன் என்ற இழை, இழுத்தால் திரும்ப வைப்பது எலாஸ்டின் என்ற இழை. பல வருடம் பருத்த உடம்பில் இவை இழுபட்டு, அறுந்து, ஒழுங்கு குலைந்துபோகின்றன. பாவில் இழை அறுந்தால் சித்தி முடிச்சுப் போட்டு விடுவாள். தோலுக்குள் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் சிறு வயதிலேயே உண்டாக்கி முடித்துவிடுகிறது. இளைய வயது, இழந்த எடை பத்துப் பதினைந்து கிலோ என்றால் தோல் ஓரளவு சுருங்கும். ஐம்பது வயதில் ஐம்பது கிலோ என்றால் சுருங்காது. உடற்பயிற்சி தசையை வளர்க்கும், அது வேறு நல்ல காரியம். தொங்குகிற தோலைத் தசையோடு ஒட்ட வைக்க அதனால் ஆகாது.

ஊசி போட்டு மெலிந்தவர்களுக்கும் இதே கதைதான். மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. எடை எந்த வழியில் இறங்கியது என்பது தோலுக்குத் தெரியாது. எவ்வளவு, எத்தனை வயதில் என்பதுதான் அதற்குக் கணக்கு. இந்த ஊசி போடுகிறவர்கள் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயிற்றிலிருந்து உணவு இறங்குவதை இந்த மருந்துகள் தாமதப்படுத்தும். மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும்.

"கொழுப்பை உறிஞ்சி எடுத்தா போதுமாமே"

போதாது. லைப்போசக்ஷன் கொழுப்பை எடுக்கும், தோலை விட்டுவிடும். ஏற்கெனவே காற்றுப்போன பலூனிலிருந்து மீதிக் காற்றையும் எடுத்தால் என்ன ஆகும்? இன்னும் தொங்கும். தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷனோடு சேர்த்துத் துணைக்கு இதைச் செய்வதுண்டு. தனியாக இது பதில் ஆகாது.

"பிளாஸ்டிக் சர்ஜரின்னா உள்ளே பிளாஸ்டிக் வெப்பாங்க"

சித்தியின் ஓர்ப்படிக்கு இதில் ரொம்பப் பயம். உருவம் கொடுப்பது, வனைவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குடம், பை செய்கிற பிளாஸ்டிக் உலகத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டு முன்பே, 1818ல், மூக்குச் சீரமைப்பைப் பற்றிய ஒரு ஜெர்மன் நூல் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டது. தொங்குகிற வயிற்றை வெட்டித் தைப்பதும் நேற்று வந்த சினிமாக்காரர் சமாசாரம் இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்டு கெல்லி 1899லேயே செய்திருக்கிறார். அவர் மகப்பேறு, மகளிர் மருத்துவர்.

"இதெல்லாம் அழகுக்கு, பணக்காரங்களுக்கு"

மடிப்புக்குள் வியர்வை தங்கி, பூஞ்சை பிடித்து, தோல் உரிந்து, சித்திரை வெயிலில் புண்ணாகி நாறுகிற ஒன்றை அழகுப் பிரச்சினை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சித்தி கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த நாற்றம். யாரிடமும் சொன்னதில்லை, துணி துவைக்கும்போது நான் பார்த்துக் கேட்டேன்.

அழகுக்கும் சிகிச்சைக்கும் நடுவில் போட்ட கோட்டைத் தமிழ்நாட்டில் அரசே ஒருமுறை தாண்டிப் பார்த்திருக்கிறது. 2018ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பை ஏழைகளுக்கு இலவசமாகத் தொடங்கியபோது, வரிப்பணத்தில் அழகு சிகிச்சையா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. மார்பின் பாரத்தால் கழுத்தும் முதுகும் வலிக்கிற பெண்ணைப் பற்றி வாதாடியவர்களில் எத்தனை பேர் நினைத்தார்கள் என்று தெரியவில்லை. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுகள் இருக்கின்றன. தீக்காயமும் விபத்தும் அங்கே முன்னால் நிற்கும், வரிசை நீளம். ஆனால் புறநோயாளி சீட்டு எடுத்துக் காட்டலாம். நெசவாளிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது என்பது தப்பு.

தனியார் காப்பீட்டில் நிலைமை நுணுக்கமானது. அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது என்பது எல்லா பாலிசியிலும் இருக்கும் பொது விலக்கு. அதே வாக்கியத்தில் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சைக்கும் விதிவிலக்கு உண்டு. டாக்டர் சான்று கொடுக்க வேண்டும். ஆகவே புண் வந்த ஒவ்வொரு தடவையும் தோல் டாக்டரிடம் காட்டிய சீட்டை, போட்டோவைப் பத்திரப்படுத்துங்கள். பணம் கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாள்கள் இல்லாமல் கேட்கவே முடியாது.

"டம்மி டக் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்"

ரவிக்கையில் டக் பிடிப்பது போலத்தான் பெயர், வேலையும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒன்றல்ல, பல ஆபரேஷன்கள் இருக்கின்றன. எதைச் செய்யப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலை.

பன்னிகுலெக்டமி என்பது தொங்கும் திரையை மட்டும் வெட்டி எடுப்பது. புண்ணும் நாற்றமும் தீரும், வயிறு தட்டையாகாது. டம்மி டக்கில் கூடுதலாக, விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் இழுத்துத் தைக்கிறார்கள், தொப்புளைச் சரியான இடத்தில் வைக்கிறார்கள். உண்மையில் தொப்புள் நகர்வதில்லை. அதைச் சுற்றி வெட்டி, காம்போடு அப்படியே விட்டுவிட்டு, மேலே இருக்கிற தோலைப் போர்வை போலக் கீழே இழுக்கிறார்கள். பிறகு அந்தப் போர்வையில், காஜா எடுப்பது போல ஒரு புதுத் துளை போட்டுத் தொப்புளை வெளியே எடுத்துத் தைக்கிறார்கள். அகலவாக்கிலும் தோல் தளர்ந்திருந்தால் நடுவில் மேலிருந்து கீழாக இன்னொரு வெட்டும் வேண்டியிருக்கும். இடுப்பு, பின்புறம் எல்லாம் தொங்குகிறது என்றால் அரைஞாண் கட்டும் இடத்தை ஒட்டிச் சுற்றிலும் வெட்டி எடுக்கும் பாடி லிஃப்ட். புஜம், தொடை, மார்பு ஒவ்வொன்றும் தனி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். மயக்கத்தில் கிடக்கும் நேரம் கூடக்கூட ரத்த இழப்பும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. மாதக்கணக்கில் இடைவெளி விட்டுக் கட்டம் கட்டமாகச் செய்வதுதான் வழக்கம். 2022ல் கன்னட நடிகை சேத்தனா ராஜ் 21 வயதில் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் இறந்தார். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர், 26 வயது, சென்னையை அடுத்த பம்மலில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். இரண்டும் தோல் ஆபரேஷன்கள் அல்ல. ஆனால் செய்பவருக்கு எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான பிளாஸ்டிக் சர்ஜரிப் பட்டம் உண்டா, மருத்துவமனையில் ஐ.சி.யூ. உண்டா என்று கேட்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

"எடை இறங்கின கையோட செஞ்சுக்கணும்"

சித்தி அவசரப்பட்டாள். திருப்பி அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் 9.

இரைப்பை ஆபரேஷன் செய்தவர்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். இரும்பு, பி12, டி வைட்டமின், புரதம் எல்லாம் அடிமட்டத்தில் இருக்கக்கூடும். நீளமான வெட்டை மூட உடம்புக்குச் சரக்கு வேண்டாமா? பொதுவாக இரைப்பை ஆபரேஷன் முடிந்து ஒன்று, ஒன்றரை வருடம் ஆகி, எடை மூன்று முதல் ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். இன்னும் இறங்கினால் மறுபடி தொங்கும், ஏறினால் தையல் இழுபடும். பிள்ளை பெறும் உத்தேசம் இருந்தால் அதை முடித்துக்கொண்டு வருவது நல்லது. பீடி, சிகரெட், ஹான்ஸ் புகையிலை எதுவானாலும் நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிகோடின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும், இழுத்துத் தைத்த தோலின் ஓரம் கறுத்துச் செத்துப்போகும்.

இதில் எடையும் கூடக் குறையுமே என்று கேட்பவர்களுக்கு: வெட்டி எடுப்பது பெரும்பாலும் சில கிலோதான். இது எடை குறைக்கிற சிகிச்சை இல்லை.

"தழும்பு தெரியாமப் போயிடும்"

எனக்கு அதிகக் கோபம் வருவது இந்தப் பொய்யின் மேல்தான், ஏனென்றால் இதை விளம்பரங்களே சொல்கின்றன. இந்த ஆபரேஷன் ஒரு பண்டமாற்று. தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்குகிறோம். அது இடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீளம். சிவந்து தடித்திருந்து மங்க ஒன்றரை வருடம்கூட ஆகும். நம்மைப் போன்ற கருத்த தோலில் தடித்த தழும்பு வரும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். காது குத்தின இடத்தில் கட்டி வந்த வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

எங்கே வெட்டுவது என்பதைப் புடவை கட்டுகிறவள் பேசி முடிவு செய்யலாம். வயிற்றுத் தழும்பு கொசுவம் செருகும் இடத்துக்கு வெகு கீழே போய்விடும், வெளியே தெரியாது. ஆனால் உள்பாவாடை நாடா புதுத் தழும்பில் உராயக் கூடாது. ஆறும் வரை நைட்டிதான். புஜத்தில் அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கமாக ஓடும் கோட்டை அரைக்கை ரவிக்கை மறைக்காது. முழங்கைக்குக் கை வைத்துத் தைக்க வேண்டும். தொடை இடுக்கில் வியர்வையும் உராய்வும் இருப்பதால் அங்கே புண் ஆறுவது எப்போதும் மெதுவாகத்தான்.

மரத்துப்போவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில் தொட்டால் தெரியாது, சில இடம் நிரந்தரமாகவே. வலிக்கிறதே என்று சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் வாங்கியவர்கள் உண்டு. சூடு அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தோலுக்கடியில் நீர் கோப்பதும் தையல் ஓரம் கொஞ்சம் பிரிவதும் பெருமளவு எடை இழந்தவர்களிடம் சாதாரணமாக நடக்கிறவை. அதனால்தான் குழாய் வைத்து அனுப்புகிறார்கள், இறுக்கமான பெல்ட்டை வாரக்கணக்கில் போடச் சொல்கிறார்கள். முதல் சில நாள் நிமிர்ந்து நடக்க முடியாது, கூன் போட்டுத்தான் நடக்க வேண்டும். ஆனாலும் எழுப்பி நடக்க வைப்பார்கள், ரத்தம் உறையாமல் இருக்க.

இதையெல்லாம் சித்திக்கு மெதுவாகச் சொன்னேன். அவளுக்குப் புஜம் வேண்டாமாம், "அது ஆடிட்டுப் போவட்டும்". வயிறு மட்டும். முட்டை, பருப்பு, இரும்புச் சத்து மாத்திரை என்று நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8க்கு வந்தது. மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் பேனாவை எடுத்து வயிற்றில் கோடு போட்டுக் காட்டி, என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கம்மா என்றார். தழும்பைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"குழித்தறியில எப்போ எறங்கலாம் சார்?"

உட்கார்ந்து குனிந்து காலால் மிதிக்கிற வேலை என்று விளக்கினேன். அவர் யோசித்து, இரண்டு மாதமாவது ஆகும் என்றார். சித்தி விரல் விட்டு எண்ணினாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாவுல இன்னும் ஒரு சேலை பாக்கியிருக்கு சார். அதை அறுத்துட்டு வரேன்."