இறுகிய பேரிங்

ஜீப் எஞ்சினில் கிராங்குத் தண்டின் முனைக் குழியுள் பைலட் பேரிங் என்னும் சிறு வளையம் இறுகப் பொருந்தியிருக்கும். கியர்ப்பெட்டித் தண்டின் நுனியைத் தாங்குவது அதுவே. அது தேய்ந்தால், கிளட்சை மிதிக்கும்போது இரைச்சல் எழும்.

திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலுள்ள அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை போன்ற பெரிய இடங்களில் அதனைக் கழற்ற இழுப்பான் இருக்கும். தெருமுனைப் பணிமனையில் இராது. உளியால் நெம்பினாலோ குழியில் கீறல் விழும். புதிய பேரிங் இறுக நில்லாது.

ஆகவே மெக்கானிக் குழி நிறையக் கிரீஸை அடைக்கிறார். பேரிங்கின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புத் தண்டை நுழைத்துச் சுத்தியலால் அடிக்கிறார். கிரீஸ் சுருங்காது, வெளியேற வழியுமில்லை. எனவே பேரிங்கைப் பின்னிருந்து தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எப்பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டது இதுதான். கிரீஸ் இல்லையா? நனைத்த ரொட்டியும் போதும்!