தேடிக் கண்டெடுத்த பாடகர்

இறந்துவிட்டதாக ஒரு நாடே நம்பிய பாடகர் ஒருவர், வேறொரு நாட்டில் கட்டட வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். கடல் கடந்த அந்த நாட்டில் தம் பாடல்களை மக்கள் மனப்பாடமாகப் பாடுவது அவருக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருப்பது அம்மக்களுக்கும் தெரியாது. இரு தரப்பையும் சேர்த்து வைத்தது, ஓர் இசைப் பத்திரிகையாளரின் கவனத்தில் தற்செயலாகப் பட்ட ஒரே ஒரு சொல்.

அந்தப் பாடகரின் பெயர் சிக்ஸ்டோ ரொட்ரிகெஸ். அவர் 1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். ஆறாவது பிள்ளை என்பதால் அவருக்குச் ‘சிக்ஸ்டோ’ என்று பெயரிட்டனர். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன அந்நகரில் ஏழைகள் படும் பாட்டை அவர் பாடல்களாக எழுதினார். 1970இல் ‘கோல்ட் ஃபேக்ட்’, 1971இல் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ என அவருடைய இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஆனால், அமெரிக்காவில் அவை விலைபோகவில்லை. இசை நிறுவனமும் அவரைக் கைவிட்டது. குடும்பத்தைக் காப்பாற்ற அவர் பழைய கட்டடங்களை இடிக்கும் வேலைக்குச் சென்றார். ஆயினும், மனம் தளர்ந்து முடங்கிவிடவில்லை. பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1981இல் பட்டம் பெற்றார்.

இதற்கிடையில், அவருடைய பாடல்கள் தென்னாப்பிரிக்காவை எட்டியிருந்தன. அப்போது அங்கே இனவொதுக்கல் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லை. நூல்களும் பாடல்களும் அரசாங்கத்தின் தணிக்கைக்கு உட்பட்டன. அதிகாரத்தைத் தட்டிக்கேட்கும் ரொட்ரிகெஸின் பாடல்கள் அந்நாட்டு வெள்ளையின இளையர்களைச் சிந்திக்க வைத்தன. அரசாங்க வானொலியில் ஒலிபரப்பத் தடைவிதிக்கப்பட்ட பாடலும் அவற்றுள் உண்டு. தடையை மீறி அப்பாடல்கள் வீடு வீடாகப் பரவின.

பாடல்கள் பரவினவே தவிர, பாடியவரைப் பற்றிய செய்தி எதுவும் வரவில்லை. உலக நாடுகள் பல தென்னாப்பிரிக்காவைப் புறக்கணித்திருந்ததால், வெளிநாட்டுக் கலைஞர்கள் அங்கே செல்வது அரிதாக இருந்தது. தேடிப் பார்க்க இணையமும் இல்லை. இசைத்தட்டின் உறையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஓர் உருவம் மட்டுமே இருந்தது. உண்மை இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. அவர் மேடையிலேயே உயிர்நீத்துவிட்டார் என்றனர். அந்த மரணம் எப்படி நேர்ந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கேட்டவர்கள் அதை மற்றவர்களிடம் சொன்னார்கள். சொல்லச் சொல்ல வதந்தி வரலாறாகிவிட்டது.

இந்தப் புதிரை விடுவிக்க முனைந்தவர் கிரேக் பார்த்தலோமியூ ஸ்டிரைடம் என்னும் தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர். ஸ்டீபன் செகர்மன் என்னும் இசை ஆர்வலரும் இதே தேடலில் ஈடுபட்டிருந்தார். ‘ரொட்ரிகெஸ் எப்படி இறந்தார்?’ என்பதே ஸ்டிரைடம் தமக்குள் எழுப்பிய கேள்வி. அவர் உயிரோடு இருக்கக்கூடும் என்ற எண்ணமே அப்போது எழவில்லை. இசைத்தட்டு விற்ற பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று விசாரித்துப் பார்த்தார், பலன் கிட்டவில்லை. பாடல்களில் வரும் ஊர்ப் பெயர்களைக் கொண்டு தேடிப் பார்த்தார். அந்த வழியும் அடைபட்டது.

பிறகு ஒருநாள், பலமுறை கேட்டுப் பழகிய பாடல் ஒன்றில் ‘டியர்போர்ன்’ என்ற சொல்லைக் கவனித்தார். அது ஓர் ஊரின் பெயராக இருக்குமோ என்ற ஐயத்துடன் நிலப்பட நூலைப் புரட்டினார். அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்தை ஒட்டியே டியர்போர்ன் இருந்தது. அந்தத் தடயத்தைப் பின்பற்றிச் சென்றவர், முதல் இசைத்தட்டின் தயாரிப்பாளர்களுள் ஒருவரான மைக் தியோடோரைக் கண்டுபிடித்தார். தொலைபேசியில் அவரிடம், ரொட்ரிகெஸ் எப்படி இறந்தார் என்று வினவினார். ரொட்ரிகெஸ் இறக்கவில்லை, நலமாகவே இருக்கிறார் என்ற பதிலைக் கேட்டுத் திகைத்துப்போனார்.

அதே 1997ஆம் ஆண்டில், செகர்மனும் நண்பர்களும் தொடங்கிய இணையப் பக்கம் ரொட்ரிகெஸின் மகள் ஒருவரின் பார்வையிலும் பட்டது. அவர் உடனே தொடர்புகொண்டார். 1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரொட்ரிகெஸ் தென்னாப்பிரிக்க மேடையில் தோன்றினார். அரங்கில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் திரண்டிருந்தனர். ஆரவாரத்தால் அவரால் உடனே பாடத் தொடங்க முடியவில்லை. இறந்தவர் என்று தாங்கள் நம்பிய மனிதர் கண்முன்னே நிற்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. பாடத் தொடங்கியதும், அவருடன் சேர்ந்து அரங்கமே பாடியது. நிகழ்ச்சிகள் முடிந்ததும் அவர் டெட்ராய்ட்டில் இருந்த தம் எளிய வீட்டிற்கே திரும்பிச் சென்றார்.

இந்தத் தேடலைச் சுவீடன் நாட்டு இயக்குநர் மாலிக் பென்ஜெலூல் ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ என்ற ஆவணப்படமாக எடுத்தார். அது 2013இல் ஆஸ்கார் விருதைப் பெற்றது. படம் எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய புகழ் தம் பக்கம் திரும்பிவிடக்கூடாது என்று எண்ணி, ரொட்ரிகெஸ் அவ்விழாவிற்குச் செல்லவில்லை. 2023ஆம் ஆண்டு, தமது 81ஆம் வயதில் அவர் காலமானார்.

இங்கே இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். ரொட்ரிகெஸ் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் இசைப் பயணம் மேற்கொண்டார். ஆவணப்படம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. ஆகவே, படத்தை மட்டும் பார்ப்பவர், உலகமே அவரை மறந்துவிட்டது என்று எண்ணக்கூடும். உண்மையைத் தேடிச் சென்ற கதைகூட ஒரு பகுதியை விட்டுவிடலாம்.

“எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்” அதன் மெய்ப்பொருளைக் காண வேண்டும் என்றார் வள்ளுவர். பலர் சொல்வதால் மட்டும் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. உயிரோடிருந்த மனிதரைப் பல ஆண்டுகள் இறந்தவராக்கியது, யாரும் சரிபார்க்காத ஒரு வதந்தி. அவரை மீட்டுக் கொடுத்தது, கேட்டுப் பழகிய பாடலை மீண்டும் ஒருமுறை கவனமாகக் கேட்ட செவி.

கருத்துணர் கேள்விகள்

1. ரொட்ரிகெஸைப் பற்றிய வதந்தி தென்னாப்பிரிக்காவில் வேரூன்றியதற்கான காரணங்கள் யாவை?
2. ‘ரொட்ரிகெஸ் எப்படி இறந்தார்?’ என்ற கேள்வியில் இருந்த குறை என்ன?
3. ‘சொல்லச் சொல்ல வதந்தி வரலாறாகிவிட்டது’ என்பதன் பொருளை உன் சொந்த வாக்கியத்தில் விளக்குக.
4. உனக்குக் கைப்பேசியில் வரும் செய்தி ஒன்றை மற்றவருக்கு அனுப்பும் முன் நீ எவ்வாறு சரிபார்ப்பாய்? கலந்துரையாடுக.