களை எடுப்போர் இடுப்பைக் காப்போம்

நாகூரைச் சுற்றியுள்ள கடைமடைப் பகுதிகளில் சம்பாவை நேரடியாக விதைப்பது பெருவழக்கு. வரிசையின்றி முளைத்த பயிரில் களை எடுக்கும் பெண்கள் பகல் முழுவதும் குனிந்தே நிற்கின்றனர். மாலையில் தோன்றும் இடுப்புவலி, தைலம் தடவினால் தணியும். நாளடைவில் அதுவே நிலைத்துவிடுகிறது.

முழங்காலை மடக்காமல் நன்கு குனியும்போது முதுகுத் தசைகள் ஓய்ந்து, பாரம் முழுவதும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களின் மேல் விழுகிறது. நெடுநேரம் இழுபட்ட நார்கள் நெகிழ்ந்துவிடும். நிமிர்ந்த மாத்திரத்தில் அவை பழைய நிலைக்கு வருவதில்லை. அந்த நேரத்தில்தான் தவறு செய்கிறோம். பறித்த புல்லை மாட்டுக்கென்று கட்டி, வரப்பேறியதும் தலையில் தூக்குகிறோம். சற்று நடந்து, இளைப்பாறிய பின்னரே சுமை தூக்க வேண்டும். தூக்கும்போதும் முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். 40 கிலோ நெல் மூட்டைக்கு இருவர் கைகொடுப்பது நல்லது.

அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கைகளை ஊன்றிப் பின்புறமாக நாலைந்து முறை வளையவும். ஆட்களுக்கு இதற்கு நேரம் கொடுப்பது சோம்பலுக்கு இடங்கொடுப்பதாகாது.

நடவு வயலாயின் 22.5 செ.மீ. சதுர இடைவெளியில் நட்டால், நின்றபடியே கோனோ களைக்கருவியை ஓட்டலாம். வயலில் சிறிது தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்த மண்ணில் கருவி ஓடாது. பெண்களுக்கு அது சற்றுக் கனந்தான். மாறி மாறித் தள்ளலாம்.

வலி கண்டவர்கள் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதில்லை. இயன்ற அளவு நடமாடுவதே நலம். ஆனால் கால் மரத்தாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.