தறி ஓடினால் நெட் போகுமா?

மேச்சேரி, நங்கவள்ளி, ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறி ஓடும் வீட்டில் கம்ப்யூட்டரும் இருக்கிறது: நூல் கணக்கு, ஜிஎஸ்டி, பிள்ளைகளின் படிப்பு என்று ஏதோ ஒன்றுக்கு. வைஃபை சரிப்படாது என்று ஒயரே இழுத்த பிறகும் நெட் போய்ப் போய் வந்தால், முதல் பழி தறி மோட்டார் மேல் விழும். அடுத்தது மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து காடு கழனி தாண்டிப் போகும் டவர் லைன் மேல். ‘இவ்வளவு கரண்ட் ஓடுற ஊர்ல நெட் எப்படி நிக்கும்?’

நிற்கும். லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே சிக்னல் எதிரெதிராகப் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் பெரும்பாலும் கழிந்துபோகும். போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தொல்லையை உள்ளே விடாது. தெருவிலிருந்து வீட்டுக்கு வருவது ஃபைபர் என்றால் பேச்சே இல்லை. கண்ணாடி இழையில் போகும் வெளிச்சத்தை டவர் லைன் ஒன்றும் செய்யாது.

அதற்காகத் தறி முழு நிரபராதியும் அல்ல. மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் இறங்கும். பழைய 12 வோல்ட் அடாப்டர் அந்த இறக்கத்தைத் தாங்காவிட்டால் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். கண்டுபிடிப்பது எளிது: நெட் போன உடனே ரவுட்டரைப் பார்க்க வேண்டும். எல்லா விளக்கும் அணைந்து ஒவ்வொன்றாக வந்தால் கோளாறு கரண்டில். அடாப்டரை மாற்றினாலோ ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தாலோ தீரும்.

அடுத்த நம்பிக்கை கொஞ்சம் பிடிவாதமானது. ‘டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரிஞ்சுது, ஒயர்ல பிரச்சினையே இல்லை.’ ஒயர் முனையில் கிளிப் அடித்தவர் இப்படிச் சொல்லிவிட்டால் வீட்டுக்காரருக்கு மேலே பேச வழியில்லை. ஆனால் அந்த டெஸ்டர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த முனையின் முதல் கம்பி அந்த முனையின் முதல் இடத்துக்குப் போகிறதா என்று. எந்தக் கம்பி எதனுடன் முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கோ அதுதான் முக்கியம். 1, 2 ஒரு ஜோடி. 4, 5 ஒரு ஜோடி. 7, 8 ஒரு ஜோடி. மூன்றாவது இடத்துக்கு ஜோடி நான்கு அல்ல, ஆறு. இது தெரியாமல் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ‘ரெண்டு பக்கமும் ஒரே கலர் வந்தா போதும்’ என்று அடித்துவிடுகிறார்கள். அப்போது 3, 6 என்று போக வேண்டிய சிக்னல் வேறு வேறு முறுக்கில் இருக்கும் இரண்டு கம்பிகளில் போகிறது. இரைச்சலைக் கழிக்கிற வித்தை அங்கே பலிக்காது. மேசைக்கு மேசை போகும் துண்டு ஒயரில் இந்தத் தப்பு வெளியே தெரியாமல் போகலாம். மாடிக்கு இழுத்த நீள ஒயரில்தான் விட்டு விட்டுப் போக ஆரம்பிக்கும்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கண்ணாடி போன்ற அந்தக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். வழக்கமான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நீல ஜோடி நட்டநடுவில், அதன் இருபுறமும் பச்சை ஜோடியின் கம்பிகள். பச்சை இரண்டும் மூன்றாவது, நான்காவது இடங்களில் ஒட்டி நின்றால், அடித்தவர் எத்தனை வருட அனுபவம் சொன்னாலும் வெட்டிவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லலாம்.

‘லிங்க் ஸ்பீடு 100 காட்டுதே, என் பிளானுக்கு அது போதும்’ என்பவர்களும் உண்டு. வேகத்துக்குப் போதும்தான். ஆனால் இரண்டு முனையிலும் 1000 எம்பி போர்ட் இருந்து, கம்ப்யூட்டர் 100 மட்டும் காட்டினால் ஒயரைச் சந்தேகப்பட வேண்டும். 1995-இல் வந்த 100 எம்பி முறைக்கு இரண்டு ஜோடி போதும். 1999-இல் வந்த 1000 எம்பி முறைக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலோ கிளிப்பில் லூசாக இருந்தாலோ இணைப்பு 100-க்கு இறங்கலாம். அல்லது 1000-க்கு முயன்று, தோற்று, மறுபடி முயன்று கொண்டே இருக்கும். மலிவு விலை ஒயரில் இது சகஜம். செம்பு முலாம் பூசிய அலுமினியம் அது. இரண்டு மூன்று தடவை மடங்கினாலே உள்ளே ஒடியும். சுரண்டினால் வெள்ளை மினுங்கும்.

கம்ப்யூட்டர் புதுசு என்பதும் அதில் கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இன்டெல் நிறுவனத்தின் ஐ225-வி நெட்வொர்க் சிப்பில், முதல் பதிப்புகள் சில ரவுட்டர்களுடன் 2.5 ஜிகாபிட் வேகத்தில் டேட்டாவைத் தவறவிடுவது 2020-இல் அம்பலமானது. சிப்பையே திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்து வந்த ஐ226-வி சிப்பில் இணைப்பு திடீர் திடீரென்று அறுவதாக 2023 தொடக்கத்தில் புகார்கள் குவிந்தன. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ‘எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்’ வசதியை நிறுத்துவதுதான் அப்போது கைகொடுத்தது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் அந்த ஒரு வரி இருக்கும்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் கேபிள்காரரைத் திட்டுவது. திட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரில் இரண்டு கறுப்புத் திரைகளை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, ஒன்றில் ரவுட்டரின் எண்ணுக்கும் (பல வீடுகளில் 192.168.1.1), இன்னொன்றில் வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8-க்கும் பிங் கட்டளையை நிறுத்தாமல் ஓட விடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் கோளாறு வீட்டுக்குள்: ஒயர், கிளிப், போர்ட், அடாப்டர். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் நின்றால் வெளியே. அப்போது ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிகிறதா என்பதையும், நின்ற மணி நிமிடத்தையும் குறித்து வைத்துக்கொண்டு போன் செய்தால், ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற பதிலோடு அவர் தப்பிக்க முடியாது.